அட்டையை வரைந்தவருக்கு என்ன கிடைத்தது? அமெரிக்க பல்ப், பேப்பர்பேக் ஓவியர்களின் தொழில்

2019 மே மாதம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில் ஃபிராங்க் ஃபிரசெட்டாவின் 'எகிப்தியன் குயின்' ஓவியம் 54 லட்சம் டாலருக்குப் போனது. 1969-ல் 'ஈரி' என்ற திகில் காமிக்ஸ் இதழின் அட்டைக்காக வரையப்பட்ட படம் அது. இப்படி ஒரு செய்தி வந்தால் கூடவே இரண்டு கேள்விகளும் வந்துவிடுகின்றன. மலிவு இதழ்களுக்கு வரைந்தவர்கள் எல்லோரும் இப்படிச் சம்பாதித்தார்களா? இல்லையென்றால் அவர்கள் வரைந்த ஆயிரக்கணக்கான படங்கள் எங்கே போயின?

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. ஃபிரசெட்டா ஒரு விதிவிலக்கு. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். மற்றவர்களின் கதையைப் புரிந்துகொள்ள அவர்களின் திறமையை மட்டும் அளந்தால் போதாது. அச்சிட்ட காகிதம், கடைக்கு இதழ் போய்ச்சேர்ந்த வழி, ஓவியரோடு பதிப்பாளர் வைத்திருந்த ஏற்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அவர்கள் எதை வரைந்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்று தீர்மானித்தன.

முதலில் சில சொற்கள்

பல்ப் இதழ்: 1896-ல் ஃபிராங்க் மன்சி என்ற பதிப்பாளர் 'ஆர்கசி' இதழை முழுக்க முழுக்கக் கதைகளாக மாற்றி, மலிவான மரக்கூழ் காகிதத்தில் அச்சிட ஆரம்பித்தார். பெயர் அந்தக் கூழிலிருந்து வந்ததுதான். அளவு ஏறத்தாழ 7-க்கு 10 அங்குலம், பெரும்பாலும் 128 பக்கம், விலை 10 முதல் 25 சென்ட் வரை. உள்தாள் சொரசொரப்பாக இருக்கும், சில வருடங்களில் பழுப்பேறி நொறுங்கும். அட்டை மட்டும் வழவழப்பான பூச்சுத்தாளில் வண்ணத்தில் வரும்.

ஸ்லிக் இதழ்: 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்', 'காலியர்ஸ்' போன்றவை. உள்ளேயும் பளபளப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம். ஓவியருக்குக் கூலியும் மதிப்பும் பல மடங்கு அதிகம்.

பேப்பர்பேக்: சட்டைப்பையில் அடங்கும் மெல்லட்டைப் புத்தகம். அமெரிக்காவில் 1939-ல் பாக்கெட் புக்ஸ் நிறுவனம் 25 சென்ட் விலையில் பெரிய அளவில் தொடங்கி வைத்தது.

கமர்ஷியல் இலஸ்ட்ரேட்டர்: ஆர்டருக்கு வரைபவர். பல்ப் உலகில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் அல்ல. ஒரு படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டவர்கள்.

அட்டைக்கு ஏன் அவ்வளவு பாடு?

ஸ்லிக் இதழுக்குச் செலவை ஈடுகட்டியது விளம்பரதாரர். பல்ப் இதழுக்கு அந்த வசதி கிடையாது. அதிலிருந்து மற்றதெல்லாம் வரிசையாக வருகிறது.

1. விளம்பர வருமானம் சொற்பம் என்பதால், பிரதி விற்றால்தான் காசு.

2. சந்தா கட்டி வாங்கியவர்களைவிடக் கடையில் பார்த்து வாங்கியவர்களை நம்பித்தான் வியாபாரம். அதாவது வேலைக்குப் போகிற வழியில் ஒரு நிமிடம் நிற்கிறவரின் கண்ணில் பட வேண்டும்.

3. விற்காத பிரதிகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிக் கழித்துக்கொள்ளலாம். முழு இதழைக்கூட அனுப்பத் தேவையில்லை, அட்டையைக் கிழித்து அனுப்பினாலே கணக்கு தீரும். ஆக, நஷ்டம் முழுதும் பதிப்பாளர் தலையில்.

4. 1930-களில் ஒரே கடையில் துப்பறியும் கதை, வெஸ்டர்ன் என்ற கௌபாய் கதை, விமானப்போர், காதல், திகில், அறிவியல் புனைவு என்று டஜன் கணக்கில் இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. பல அட்டைகளில் மேல்பகுதி மட்டுமே வெளியே தெரியும்.

இந்த நிலையில் அட்டைதான் ஒரே விற்பனையாளர். எழுத்தாளருக்குச் சொல்லுக்கு ஒரு சென்ட் என்று எண்ணிக் கொடுத்த பதிப்பாளர்கள்கூட அட்டை ஓவியத்தில் மட்டும் கை வைக்கத் தயங்கினார்கள். மஞ்சள் வானம், சிவப்புப் பின்னணி, சுடுவதற்கு ஒரு நொடி முன்னால் உறைந்துபோன துப்பாக்கி என்று பல்ப் அட்டைகள் ஒரே பாணியில் இருப்பதைப் பார்த்து 'ரசனை இல்லை' என்று சொல்லிவிடுவது சுலபம். பத்தடி தூரத்திலிருந்து, மங்கலான கடை வெளிச்சத்தில், அடிக்கிற நிறங்கள்தான் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கதைக்குப் படம் என்ற வழக்கமான வரிசைகூட இங்கே தலைகீழாவதுண்டு. அட்டையை முதலில் வாங்கி வைத்துவிட்டு, அதற்குப் பொருந்தும்படி ஒரு கதை எழுதச் சொல்வார்கள். 1926 டிசம்பரில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதை வெளிப்படையாகவே செய்தது. ஃபிராங்க் ஆர். பால் வரைந்த ஒரு விசித்திரக் காட்சியை அட்டையில் போட்டு, இதற்குக் கதை எழுதுங்கள், மொத்தம் 500 டாலர் பரிசு என்று வாசகர்களிடம் விட்டுவிட்டது.

ஓர் அட்டை உருவாகும் விதம்

வேலை ஆர்ட் டைரக்டரின் மேஜையில் தொடங்கும். ஓவியர் இரண்டு மூன்று பென்சில் ஸ்கெட்ச் கொண்டுபோவார். ஒன்று தேறினால் அதையே சிறிதாக வண்ணத்தில் போட்டுக் காட்டுவார். அதற்கும் ஒப்புதல் கிடைத்தபின்தான் கான்வாஸைத் தொடுவார். சில இடங்களில் கதைப்பிரதியைப் படிக்கக் கொடுப்பார்கள். பல இடங்களில் 'கட்டிப்போட்ட பெண், முகமூடி ஆள், ஜன்னல் வழியாக ஹீரோ' என்ற அளவுக்கு வாய்மொழிக் குறிப்புதான்.

மாடல் வைக்காமல் வரைந்தவர்கள் குறைவு. மனைவி, பக்கத்து ஸ்டுடியோ நண்பர், வாடகைக்கு வரும் மாடல் என்று யாரையாவது நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். காசு மிச்சம் பிடிக்க ஓவியரே கண்ணாடி முன் நின்று முகத்தைக் கோணலாக்கி வரைந்துகொள்வதும் உண்டு. ஒரே தாடை பல வில்லன்களுக்கு அமைந்த ரகசியம் இதுதான்.

படம் பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்தில், 20-க்கு 30 அங்குலத்தை ஒட்டிய கான்வாஸில் இருக்கும். அச்சாகப் போவது அதில் மூன்றில் ஒரு பங்கு அகலமும் உயரமும்தான். பெரிதாக வரைந்து சுருக்கும்போது தூரிகைத் தடங்கள் இறுகி, கோடுகள் கூர்மையாகத் தெரியும். இதழின் பெயர் உட்கார மேலே கால் பகுதி காலியாக இருக்க வேண்டும். கதைத் தலைப்புக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் இடம். இன்று எழுத்துகள் இல்லாமல் மூலப்படத்தை மட்டும் பார்த்தால் மேல்பகுதியில் ஒன்றுமில்லாமல் வெறிச்சென்று இருக்கும். அது ஓவியரின் பிழையல்ல, எழுத்துக்கு ஒதுக்கிய இடம்.

நார்மன் சாண்டர்ஸ் 1935 முதல் 1942 வரை ஆண்டுக்குச் சுமார் 100 பல்ப் அட்டைகள் வரைந்தார். வாரத்துக்கு இரண்டு எண்ணெய் ஓவியங்கள், பல வருடங்களுக்கு. ஒரே ஆள் எல்லா இதழ்களிலும் தெரியக்கூடாது என்பதாலோ என்னவோ, சிலவற்றில் தன் நடுப்பெயரான 'பிளெய்ன்' என்று கையெழுத்திட்டார்.

உள்பக்கப் படங்களின் கதை வேறு. சொரசொரப்பான தாள் மையை உறிஞ்சிப் பரப்பிவிடும், அதனால் புகைப்படம் போன்ற சாயல்கள் அச்சில் நிற்காது. கறுப்பு மைக் கோடுகள்தான் பிழைக்கும். கூலியும் அட்டையின் பக்கத்தில்கூட வராது. இந்தக் கட்டுக்குள் ஒரு வழி கண்டுபிடித்தவர் வர்ஜில் ஃபின்லே. 1935 முதல் 'வியர்டு டேல்ஸ்' இதழில் புள்ளி புள்ளியாக வைத்து ஒளியையும் நிழலையும் காட்டினார். அழகு அபாரம். நேரக்கணக்கில் பார்த்தால் கையைக் கடிக்கும் வேலை.

உள்ளே நுழைந்த வழிகள்

அந்தக் கால அமெரிக்க இலஸ்ட்ரேஷன் ஒரு குரு பரம்பரை மாதிரி நடந்தது. ஹோவர்ட் பைலிடம் ஹார்வி டன் கற்றார். டன், நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் கலைப்பள்ளியில் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார். மினசோட்டாவில் ஃபாசெட் பதிப்பகத்தில் வேலை பார்த்துவிட்டு 1934-ல் நியூயார்க் வந்த சாண்டர்ஸும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்தான். ஆக, பல்ப் ஓவியர்கள் கைபோன போக்கில் கிறுக்கியவர்கள் என்ற எண்ணம் தவறு. ஸ்லிக் இதழ்களின் நட்சத்திரங்கள் படித்த அதே பள்ளிகளில் படித்தவர்கள். சந்தையில் வேறு படியில் நின்றவர்கள்.

பெரும்பாலானோருக்குப் பல்ப் என்பது ஏறிப்போக வேண்டிய படி. வால்டர் பாம்ஹோஃபர் 1933-ல், டாக் சாவேஜ் என்ற சாகச நாயகனின் கதைகள் வந்த 'டாக் சாவேஜ்' இதழின் முதல் அட்டையை வரைந்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஸ்லிக் பக்கம் தாவிவிட்டார். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் மேல்தட்டு ஓவியர்களே பல்ப் வேலைக்கு வரிசையில் நின்ற காலமும் இருந்தது.

பெண்கள் குறைவு, ஆனால் இருந்தார்கள். சிகாகோவிலிருந்து வெளிவந்த 'வியர்டு டேல்ஸ்' இதழுக்கு மார்கரெட் பிரண்டேஜ் 1932 முதல் வரைந்தார். அட்டைக்கு 90 டாலர். பேஸ்டல் சாக்கில் வரைவார், 'எம். பிரண்டேஜ்' என்று கையெழுத்திடுவார். ஆடை குறைந்த பெண்கள் நிறைந்த அந்த அட்டைகளை வரைந்தவர் ஒரு பெண் என்று தெரிந்தபோது வாசகர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அவர் எந்தக் காட்சியைத் தேர்ந்தெடுப்பார் என்று புரிந்துகொண்ட சில எழுத்தாளர்கள், அட்டையில் தம் கதை வரட்டும் என்பதற்காகவே அப்படிப்பட்ட காட்சி ஒன்றைக் கதையில் நுழைத்தார்கள். 1938-ல் இதழ் கைமாறி நியூயார்க்குக்குப் போனது. பேஸ்டல் தூள் உதிரக்கூடியது. அதை ரயிலில் அனுப்புவது தலைவலி. புதிய நிர்வாகம் அட்டைகளின் கவர்ச்சியையும் கட்டுப்படுத்தியது. பிரண்டேஜுக்கு வாய்ப்புகள் குறைந்து, சில ஆண்டுகளில் நின்றன. 1976-ல் அவர் இறந்தபோது வசதியான நிலையில் இல்லை.

குளோரியா ஸ்டோல் நுழைந்த விதம் இன்னும் விசித்திரம். 1940-களின் தொடக்கத்தில், இதில் எதிர்காலமில்லை என்று முடிவுகட்டி அந்தப் பெண் தன் ஓவியங்களைக் குப்பையில் போட்டுவிட்டார். கட்டடப் பராமரிப்பாளர் அவற்றை எடுத்து, அதே கட்டடத்தில் குடியிருந்த பல்ப் ஓவியர் ரஃபேல் டி சோட்டோவிடம் காட்டினார். அதன் வழியாகப் பாப்புலர் பப்ளிகேஷன்ஸில் வேலை கிடைத்து, இருபது வயதைத் தாண்டுவதற்கு முன்பே காதல் இதழ்களுக்கும் துப்பறியும் இதழ்களுக்கும் அட்டை வரையத் தொடங்கிவிட்டார்.

பேப்பர்பேக் வந்தபின் மாறியது என்ன?

இரண்டாம் உலகப்போரில் காகிதத் தட்டுப்பாடு, அப்புறம் தொலைக்காட்சி, காமிக்ஸ், பேப்பர்பேக். பல்ப் இதழ்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பெரிய பதிப்பாளரான ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் 1949-ல் தன் பல்ப் இதழ்களை ஏறக்குறைய மொத்தமாக மூடியது. ஓவியர்கள் தூரிகையோடு பேப்பர்பேக் அலுவலகங்களுக்கு நடந்தார்கள். கடை அதே கடை, விற்காதது திரும்பும் முறையும் அதே முறை. ஆகவே அட்டையின் வேலையும் அதேதான்.

ஆரம்பத்தில் பல்ப் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. 1925-ல் வெளிவந்த ஓர் அங்கத நாவலை 1948-ல் பாப்புலர் லைப்ரரி மறுபதிப்பு செய்தது. ட்ராய் நகரத்து ஹெலனைப் பற்றியது. ருடால்ஃப் பெலார்ஸ்கி வரைந்த அட்டையில் ஹெலனின் உடை எவ்வளவு மெல்லியது என்பதுதான் முதலில் கண்ணில் படும். உள்ளே இருப்பது பெரும்பாலும் உரையாடல். அட்டையை நம்பி வாங்கியவர் எப்படி ஏமாந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருப்பம் சிக்னெட் பதிப்பகத்தில் ஜேம்ஸ் அவாட்டியால் வந்தது. கட்டடக்கலை படித்தவர், 1940-களின் கடைசியில் சிக்னெட்டுக்கு வரையத் தொடங்கினார். துப்பாக்கி, முகமூடி எதுவும் இல்லாமல், பழுப்பு வெளிச்சம் விழும் ஓர் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நிற்கும் இருவரை வரைந்தார். நிற்கும் விதத்திலேயே கதை தெரியும். அது விற்றது, மற்ற பதிப்பகங்கள் அதே மாதிரி கேட்க ஆரம்பித்தன. ஆனால் எழுத்தாளரின் சம்மதம் தனி விஷயம். 1953-ல் ஜே. டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' பேப்பர்பேக்குக்கு அவாட்டி வரைந்த அட்டை சாலிஞ்சருக்குப் பிடிக்கவில்லை. பின்னால் பேன்டம் பதிப்பகம் வெளியிட்ட பதிப்பில் வெறும் எழுத்துகள்தான், படமே இல்லை.

1952-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஆர்கன்சாஸ் உறுப்பினர் எசெக்கியல் கேதிங்ஸ் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்து, ஆபாச வெளியீடுகளை விசாரித்தது. பேப்பர்பேக் அட்டைகளும் அதன் மேஜைக்கு வந்தன. ஓவியர் எவ்வளவு காட்டலாம் என்பதைச் சந்தையோடு சேர்ந்து அரசியலும் தீர்மானித்த காலம் அது.

1958-ல் டெல் நிறுவனத்துக்கு வரையத் தொடங்கிய ராபர்ட் மெக்கின்னிஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேப்பர்பேக் அட்டைகள் வரைந்தார். ஜேம்ஸ் பாண்ட் பட போஸ்டர்களும் அவர் கையிலிருந்து வந்தன. ஜேம்ஸ் பாமா 1964 முதல் பேன்டமுக்காகப் பழைய டாக் சாவேஜ் கதைகளுக்கு அட்டை வரைந்தார். மாடல் ஸ்டீவ் ஹாலண்ட் என்ற நடிகர்; கிழிந்த சட்டையும் முறுக்கேறிய கையுமாக அவர் நின்ற உருவம்தான் இன்று பலருக்கு டாக் சாவேஜ்.

எல்லோரும் பேப்பர்பேக்கிலேயே நிற்கவில்லை.

1. ஆண்களுக்கான சாகச இதழ்கள்: 1950, 60-களில் பல்ப் பாணி இங்கே உயிரோடு இருந்தது. மார்ட் குன்ஸ்ட்லர் ஒரே இதழில் பல படங்கள் வரைய நேர்ந்ததால் 'எம்மெட் கே' என்ற புனைபெயரும் வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓவியங்களுக்காக அறியப்பட்டவர் இவர்தான்.

2. பொம்மை அட்டைகள்: சாண்டர்ஸ் 1962-ல் டாப்ஸ் நிறுவனத்தின் 'மார்ஸ் அட்டாக்ஸ்' அட்டைகளுக்கு வண்ணம் தீட்டினார். சூயிங்கத்தோடு வரும் சின்ன அட்டையில் பல்ப் அட்டையின் முழு வேகமும் இருந்தது.

3. கேலரி ஓவியம்: பாமா 1968-ல் வயோமிங் போய்க் குடியேறி, மேற்குப் பகுதி மனிதர்களை வரையும் ஓவியரானார்.

இப்படி மாற முடிந்தவர்கள் தப்பித்தார்கள். அட்டைகளில் புகைப்படமும் பிற்பாடு கணினியும் புகுந்தபோது, ஒரே பாணியில் ஊறியவர்களுக்கு வேலை வற்றியது.

படம் ஒன்று, உரிமை மூன்று

குழப்பம் அதிகமாக இருப்பது இங்கேதான். ஓர் அட்டைப்படத்தில் மூன்று தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன: கான்வாஸ் என்ற பொருள், அதை ஒருமுறை அட்டையாக அச்சிடும் அனுமதி, மறுபடி எங்கும் எப்படியும் பிரதி எடுக்கும் காப்புரிமை. இன்றைய கண்ணோடு பார்த்தால் மூன்றும் வேறு வேறு. பல்ப் காலத்துப் பதிப்பாளர் ஒரே காசோலையில் மூன்றையும் எடுத்துக்கொண்டார்.

சட்டமும் அவர் பக்கம் சாய்ந்தது. 1942-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓவியர் எதையும் தனியாக ஒதுக்கிக்கொள்ளாமல் ஓவியத்தை விற்றால், பிரதி எடுக்கும் உரிமையும் கூடவே போய்விடும் என்று தீர்ப்பளித்தது. பதிப்பகங்கள் பெரும்பாலும் நியூயார்க்கில்தான் இருந்தன. 1966-ல் மாநிலச் சட்டம் இதைத் திருத்தியது. அதற்குள் பல்ப் காலமே முடிந்துவிட்டது.

சரி, வாங்கிய கான்வாஸ்களைப் பதிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? அச்சுத்தகடு எடுத்தபின் அவர்களுக்கு அதனால் பயனில்லை. நியூயார்க்கில் இடத்துக்கு வாடகை உண்டு. சிலவற்றை யாருக்காவது கொடுத்தார்கள், மிச்சத்தைத் தூக்கி எறிந்தார்கள். பல ஓவியர்களும் திரும்பக் கேட்கவில்லை. இது சோற்றுக்கான வேலை, கலை அல்ல என்று அவர்களே நினைத்தார்கள். வரையப்பட்டதில் மிகச் சிறிய பகுதிதான் இன்று மிஞ்சியிருக்கிறது. ராபர்ட் லெசர் என்ற சேகரிப்பாளர் தேடிச் சேர்த்தவை 2003-ல் புரூக்ளின் மியூசியத்தில் காட்சிக்கு வந்தன. கனெக்டிகட்டில் உள்ள நியூ பிரிட்டன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இன்று அவை இருக்கின்றன.

ஃபிரசெட்டா விதிவிலக்கானது இந்த இடத்தில்தான். 1966-ல் லான்சர் பதிப்பகம் வெளியிட்ட, கோனன் என்ற வாள்வீரனின் கதைகளின் பேப்பர்பேக் அட்டைகள் அவரைப் பிரபலமாக்கின. அந்தச் செல்வாக்கை வைத்து அவர் கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. மூலப்படம் திரும்பி வர வேண்டும், உரிமையும் தன்னிடம் இருக்க வேண்டும் என்று நின்றார். அதனால்தான் போஸ்டர் விற்பனையும், பிற்பாடு மூலப்படங்களின் விலையும் அவர் குடும்பத்துக்குப் பயன்பட்டன. சாண்டர்ஸ் வரைந்த நூற்றுக்கணக்கான அட்டைகளுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. திறமையில் இருந்த வித்தியாசம் இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்காது என்பது என் கருத்து.

1978 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டம் இதை மாற்றியது. எழுத்தில் கையெழுத்து இல்லாமல் காப்புரிமை கைமாறாது. கான்வாஸை வாங்கியதால் மட்டும் பிரதி உரிமை வராது.

இன்று பழைய அட்டை ஒன்றைக் காலண்டரிலோ டி-ஷர்ட்டிலோ போட நினைப்பவர் அமெரிக்கச் சட்டப்படி பார்க்க வேண்டியவை இவை:

1. வெளியாகி 95 ஆண்டு முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் அது பொதுச்சொத்து.

2. 1964-க்கு முன் வெளியானதா? அப்படியானால் 28-ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். மூடிப்போன பல பல்ப் இதழ்களுக்குப் புதுப்பிக்க ஆளே இருக்கவில்லை, அவையும் பொதுச்சொத்தாகிவிட்டன.

3. 1964 முதல் 1977 வரை வெளியானதா? முறையான காப்புரிமை அறிவிப்போடு வந்திருந்தால், 1992-ல் வந்த திருத்தம் புதுப்பித்தலைத் தானாகவே நடக்கவைத்துவிட்டது. உரிமை உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

4. படம் பொதுச்சொத்தானாலும் இதழின் பெயரும் பாத்திரத்தின் பெயரும் வணிகச்சின்னமாக வேறொருவரிடம் இருக்கலாம். அட்டையை அச்சிடும்போது மேலே உள்ள அந்தப் பெயரையும் சேர்த்து அச்சிடுகிறோமா என்பதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.